கால்

துர்க்கு நகரத்தில் மைனஸ் பதினான்கு.
இர்யாவின் பூட்ஸிலிருந்து உருகிய பனி
கடைத் தரையில் வைத்த மூன்று பலகைகளில்
விலை கூடியதை நோக்கியே ஓடியது.
ரெய்யோ பழைய துண்டை வீசி அணை கட்டினார்.

"இதற்குள் முந்நூறு ஒலி இருக்கிறது" என்றார்.
அவளிடம் இருப்பது நான்கு கம்பி,
ஒரு மூக்குக் கண்ணாடி,
நானூறு யூரோ,
இரவு ஒன்பதிலிருந்து இரண்டு வரை
ஸ்டாக்ஹோம் போகும் கப்பலின் ஏழாம் தளத்தில்
ஜோடிகள் ஆட டாங்கோ வாசிக்கும் வேலை.
முந்நூறு எதற்கு என்று அவள் கேட்கவில்லை.
யார்தான் கேட்பார்கள்?

கால் இன்ச் ஜாக்கைச் செருகினாள்.
கால் என்றால் நாலில் ஒரு பங்கு.
இனி வேலை முழுவதும் அதன் தலையில்தான்.

முதல் பலகை.
ஃபஸ்ஸை மிதித்ததும்
மேலே தேன்கூடு கலைந்தது,
கீழே ஒன்றுமில்லை.
ஈ கம்பியின் அடிவயிறு காணாமல் போயிருந்தது.
பேஸில் அடி போய்விட்டால் மிச்சம்
தூரத்தில் யாரோ மரம் அறுக்கும் சத்தம்.
"சுத்த ஒலியையும் கூடவே கலந்துவிட
குமிழ் இல்லையா?"
இருந்தது, மெனுவில் ஐந்தாம் பக்கத்தில்.
பாட்டு நடுவில் ஐந்தாம் பக்கம் திருப்ப
இது என்ன வருமான வரிப் படிவமா?

இரண்டாவது அழகு.
மீன்தொட்டி போல் திரை.
கோரஸில் சுரம் ஈரத் துணியாய் மின்னியது.
ஆக்டேவில் அவளுக்குக் கீழே இன்னொருத்தி
கனமான செருப்போடு நடந்தாள்.
வாங்கிவிடலாம் என்றே நினைத்தாள்.
பிறகு ஒரு பொத்தானை மிதித்தாள்,
இரண்டு எரிந்தன.
மறுபடி மிதித்தாள். மறுபடியும் இரண்டு.
நாற்பத்துமூன்றாம் அளவுப் பாதம்.
"சின்னக் கால்களுக்குச் செய்தது" என்று
ரெய்யோ மென்மையாகச் சொல்ல முயன்றார்.
மென்மையாக வரவில்லை.

மூன்றாவது, யாரோ விற்றுவிட்டுப் போனது.
ஓரமெல்லாம் சிராய்ப்பு,
ஒரு குமிழ் மட்டும் வேறு நிறம்,
அடியில் பாதி உரிந்த வெல்க்ரோ.
பொத்தான்களுக்கிடையே தாராளமாய் இடம்.
"நாற்பது ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டர் உண்டா?"
ஏன் என்று கேட்டார்.
கப்பல் இன்ஜினுக்கும் ஒரு சுருதி உண்டு,
ஈ-க்குச் சற்றுக் கீழே;
இருபத்திரண்டு வருடமாக
அதோடு மல்லுக்கு நிற்கிறேன் என்றாள்.
உண்டு. முகப்பிலேயே.

முந்தைய ஆள் சேமித்த ஒலிகளை
யாரும் அழித்திருக்கவில்லை.
இர்யா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு
ஒவ்வொன்றாய்ப் படித்தாள்:
மெது டாங்கோ.
குடிகாரர் கல்யாணம்.
தலைவலி.
இதைத் தொடாதே.
(தொட்டாள். காது பிளந்தது. நியாயம்.)
முப்பத்தொன்றில்: சிர்க்கா பேசுகிறாள்.
மிதித்தாள்.
கம்பியை இழுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
ரெய்யோ ஒயரை ஆட்டிப் பார்த்தார்.
அதற்குள் அவள் சிரிக்கத் தொடங்கியிருந்தாள்.

எந்தக் குழுவோ, எந்த ஊரோ,
பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே
மைக்கை விடாத ஒரு சிர்க்கா.
அவள் வாய் திறக்கும்போது
தன் கம்பி தப்பித்தவறியும் முனகக்கூடாதென்று
யாரோ ஒருவர்
மௌனத்துக்கு எண் கொடுத்து வைத்திருக்கிறார்.
எரிச்சலிலா, காதலிலா,
பெயர் இரண்டுக்கும் பொருந்துகிறது.

"எல்லாவற்றையும் அழித்துத் தரட்டுமா,
புதுசு போல?"
"வேண்டாம். எவ்வளவு?"
முந்நூற்றெண்பது. அடாப்டர் தனி.
அடாப்டருக்குப் பேரம் பேசி முடிப்பதற்குள்
பூட்ஸ் காய்ந்துவிட்டது.

வெள்ளி இரவு.
தீவுகளுக்கிடையே பனிக்கட்டி உரச
நகர்கிறது கப்பல்.
மூன்றாவது பாட்டு முடிந்ததும்
ஹில்க்கா மைக்கைப் பிடித்தாள்:
தன் நாய், மகனின் புது வீடு,
விவாகரத்தில் போன படகு.
ஓஸ்மோ டிரம்ஸ் குச்சியால் முதுகு சொறிந்தார்.
இர்யா குனியாமலே மிதித்தாள், முப்பத்தொன்று.
இன்னும் பெயரை மாற்றவில்லை.

அவள் கை எடுத்த இடத்தில்
இன்ஜின் தன் ஒற்றைச் சுரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது,
மேஜைகளில் குவளைகள் லேசாய் நடுங்க.
இன்று அதோடு சண்டையில்லை.
ஹில்க்கா பேசட்டும்.
எப்படியும் கால் மணி நேரம் ஆகும்.